மறுமொழி: ஒரு லைன் போய் எல்லா லைனும் போவதற்கு என்ன சொல்? என் பரிந்துரை ‘அடுக்குச்சரிவு’

நண்பர்களே,

ஒரு மின்பாதை விழுந்து அதனால் மற்றவையும் அடுத்தடுத்து விழுவதை ஆங்கிலத்தில் cascading failure என்கிறார்கள்; நம் அகராதியில் அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே சொல்லப்பட்ட ‘தொடர் மின்தடை’ எனக்கு ஒத்துவரவில்லை. ‘தொடர் மின்தடையால் மக்கள் அவதி’ என்று செய்தி வந்தால் ஒரே ஊரில் கரண்ட் திரும்பத் திரும்பப் போகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். நாம் பேசுவது வேறு. ஒரு மின்பாதை டிரிப் ஆனதும் (தானாகத் துண்டிக்கப்பட்டதும்) அதில் போய்க்கொண்டிருந்த மின்சாரம் மற்ற பாதைகளில் ஏறுகிறது, ஏற்கெனவே நிரம்பியிருக்கும் அவையும் தாங்காமல் ஒவ்வொன்றாக விழுகின்றன.

2012 ஜூலை 30 அதிகாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையின் இரண்டு சுற்றுகளில் (தனித்தனிக் கம்பித் தொகுதிகளில்) ஒன்றை 765 கிலோவோல்ட்டுக்குத் தரம் உயர்த்த நிறுத்தி வைத்திருந்தார்கள், வட மாநிலங்களோ ஒதுக்கியதற்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன, பாரமெல்லாம் மிச்சமிருந்த சுற்றின் மேல். கம்பி அறுந்துவிடவில்லை; அந்தச் சுமையையே பழுது என்று எடுத்துக்கொண்டு ரிலே என்ற பாதுகாப்புக் கருவி பாதையைத் துண்டித்தது, வட மாநிலங்களை இணைக்கும் மின்தொகுப்பு (கிரிட்) முழுக்கப் போனது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு அதே பாதை மறுபடி போனபோது வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து படுத்துவிட்டன. 60 கோடிப் பேருக்கு மேல் வாழும் பகுதி அது! தெற்கு தப்பியதற்குக் காரணம், அன்று அது நேர்திசை மின்னோட்ட (டி.சி.) இணைப்புகள் வழியாகவே மற்றத் தொகுப்புகளோடு சேர்ந்திருந்தது; அந்த வகை இணைப்பில் ஒரு பக்கத்துத் தடுமாற்றம் மறுபக்கம் தானாகப் பரவாது. 2013 கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் மாறுதிசை (ஏ.சி.) பாதை தெற்கை மற்றவற்றோடு இணைத்த பிறகு அந்த விலக்கு நமக்கும் இல்லை.

‘மிகைச்சுமை முறிவு’ என்பதும் வேண்டாம், அது காரணத்தைச் சொல்லுக்குள் பூட்டிவிடுகிறது. 2003இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிளை வெட்டாமல் விட்ட மரங்களில் கம்பி தொய்ந்து தொட்டதில் தொடங்கித்தான் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. தொடக்கம் எதுவானாலும் பரவும் விதம் ஒன்றுதான், சொல் அதைக் காட்ட வேண்டும். ‘சங்கிலி முறிவு’ பக்கத்தில் வருகிறது, ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் அதோடு சரி. இங்கே ஒன்று விழுவதே அடுத்ததைத் தள்ளுகிறது. ‘அடுக்கடுக்காக’ பேச்சிலேயே இருப்பதால் ‘அடுக்குச்சரிவு’ யாருக்கும் விளக்கமில்லாமல் புரியும்.

அப்புறம் ஒன்று, இதை மின்வெட்டோடு தயவுசெய்து கலக்காதீர்கள். தேவை கூடி மின்சாரத்தின் அதிர்வெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும்போது சில ஊர்களை வேண்டுமென்றே துண்டிப்பது மின்வெட்டு, அது அடுக்குச்சரிவு வராமல் தடுப்பதற்கு. அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவாக இருக்க வேண்டும்.

வினை வடிவம்தான் இன்னும் உறுத்துகிறது. ‘அடுக்குச்சரிந்தது’ என்று எழுத முடியாது. ‘தொகுப்பு அடுக்காகச் சரிந்தது’ என்று வைத்துக்கொள்ளலாமா? வேறு தோன்றினால் எழுதுங்கள்.