புதுப்பிப்பு: அந்தியூர்ச் சந்தையில் வித்த மட்டக்குதிரை

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில எங்க மட்டக்குதிரையை வித்துட்டு, மனசு ஆறாம எழுதியிருந்தேன். திரும்ப வாங்க வழி உண்டான்னும் கேட்டிருந்தேன்.

தரகர் அண்ணன் மூலமா அதை வாங்கின ஆளைப் பிடிச்சாச்சு. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு விவசாயி. நேர்லயே போய்ப் பார்த்தேன். குளம்பு ஓரத்தை நல்லா ராவி, புது லாடம் அடிச்சிருக்காங்க. ஊறவெச்ச கொள்ளு பக்கத்துலயே இருந்துச்சு. நெத்திச் சுழியைத் தடவினதும் காதை முன்னால நீட்டி, என் சட்டைப்பையை மோந்துச்சு. வெல்லம் வெச்சிருக்கிற பை அதுதான்.

"பந்தயத்துக்கெல்லாம் ஓட்டறதில்லீங்க தம்பி, பயப்படாதீங்க"ன்னார். எனக்கு இருந்த பெரிய பயமே அதுதான். ஆனா திருப்பித் தர அவருக்கு மனசில்லை. அவர் மக அதை விட்டு நகர மாட்டேங்குறாளாம். எப்பவாவது விக்கிறதா இருந்தா முதல்ல எனக்குத்தான் சொல்வேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். நம்புறேன். ஏக்கம் மட்டும் போகல.

விக்கப்போறவங்க வாங்குறவரோட ஊர், போன் நம்பரை எழுதி வாங்கிக்கோங்க. பழைய தீனியும் கொஞ்சம் கூடவே அனுப்புங்க. தீனி திடீர்னு மாறினா வயித்துவலி வரலாம்; குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உயிருக்கே ஆபத்தாயிடும்.