புதுப்பிப்பு: மழை பெய்தால் அலறும் பழைய அலாரம், காரணம் கிடைத்தது

மழை வந்தாலே நடுராத்திரியில் வீட்டின் பழைய திருட்டு அலாரம் கத்துகிறது என்று கேட்டிருந்தேனே, பினாங்கு பாயான் லெப்பாஸ் வீடு. உதவிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் 12 வோல்ட் பேட்டரி. கழற்றி அளந்தால் 10.4தான், பக்கவாட்டில் உப்பியும் இருந்தது. மாற்றினேன். அடுத்த மழைக்கு மறுபடி அலறல்!

ஸோன்களை (அலாரம் பெட்டியிலிருந்து கதவு, ஜன்னல்களுக்குப் போகும் தனித்தனி இணைப்புகள்) ஒவ்வொன்றாக பைபாஸ் செய்யச் சொன்ன, அதாவது தற்காலிகமாக விலக்கிப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. மூன்றாவது ஸோன், பின்கதவு. மரம் ஈரத்தில் ஊதி, கதவு முழுதாக மூடாமல், கதவிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் அருகில் இருக்கிறதா என்று உணரும் சிறு சுவிட்ச்) விட்டு விலகியிருந்தது. கதவை இழைத்து, காந்தத்தை நெருக்கி வைத்தேன். அப்புறம் இரண்டு பெருமழை, சத்தமே இல்லை.

எதிர்பாராதது: கதவருகே, வயரின் கடைசியில் இருக்க வேண்டிய ரெசிஸ்டரை (வயர் சரியாக இருக்கிறதா என்று பெட்டி கண்டறிய உதவும் சிறு மின்தடை) அலாரம் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்திருந்தார்கள். வழியில் வயர் ஷார்ட் ஆனால் (இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால்), கதவு திறந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. அதையும் இடம் மாற்றிவிட்டேன்.