சீலியாக் உள்ள மகளோடு சிங்கப்பூர் போகிறோம், சாப்பாட்டுக்கு என்ன வழி?

தர்மபுரி அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 8 வயது. வயிறு உப்பல், ரத்தசோகை, எடை ஏறாதது என்று ரொம்ப நாள் அலைந்தோம். டிடிஜி ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் எடுத்த பிறகுதான் சீலியாக் என்று தெரிந்தது. கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய் அது. இரண்டு வருடமாக வீட்டுக்குள் கோதுமை, மைதா, ரவை, சேமியா எதுவும் வருவதில்லை. நம்ம ஊர்ப் பக்கம் அது பெரிய கஷ்டமும் இல்லை. ராகிக் களி, சாமைச் சோறு, இட்லி என்று நன்றாகவே சாப்பிடுகிறாள்.

வரும் மே மாதம் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு 6 நாள் போகிறோம். அப்படியே மலேசியாவில் 2 நாள், பத்துமலைக்கும் போக ஆசை. பயமாக இருக்கிறது. போன வருடம் பெங்களூரில் ஒரு ஓட்டலில் சாதா தோசைதானே என்று வாங்கிக் கொடுத்தோம். அன்று இரவே வாந்தி, அப்புறம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அரிசியும் உளுந்தும்தானே, எங்கே தவறு நடந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

தம்பி வீட்டில் தினமும் சப்பாத்தி. தம்பி மனைவி ஆசையாகக் காத்திருக்கிறாள், அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? இவளோ, "அத்தை வீட்டில் நான் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாமா அம்மா?" என்று இப்போதே கேட்கிறாள்.

ஓசூர் அப்பா:
சகோதரி, அந்தத் தோசையில் தவறு இருந்திருக்காது, தோசைக்கல்லில் இருந்திருக்கும். பெரிய ஓட்டல்களில் ஒரே கல்லில்தான் ரவா தோசை, கோதுமை தோசை, பரோட்டா எல்லாம். துடைப்பத்தால் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றுவார்கள். அந்தத் தேய்ப்பில் மாவு போகாது. என் மகனுக்கும் இதே பிரச்சினை. அதனால் வெளியில் போனால் "கோதுமை இருக்கிறதா" என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். "இந்தக் கல்லில் வேறு என்ன போடுவீர்கள், இந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள்" என்றுதான் கேட்கிறேன். உளுந்து வடை பொரித்த எண்ணெயிலேயே பூரியும் பொரித்திருப்பார்கள்.

இன்னொன்று பெருங்காயம். தூளோ கட்டியோ, நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், மைதா அல்லது கோதுமை மாவு என்று போட்டிருக்கும். சாம்பார், ரசம், சட்னித் தாளிப்பு, இட்லிப் பொடி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

தர்மபுரி அம்மா:
அண்ணா, இப்போதுதான் அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெருங்காயத்திலும் மைதா இருக்கிறது. இரண்டு வருடமாகத் தினமும் சாம்பாரில் போட்டுக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் நடுங்கிவிட்டது.

ஓசூர் அப்பா:
மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். எனக்கும் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. டப்பாவை எடுத்துவிட்டு அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லுங்கள். பயணத்துக்கு முன்பே தெரிந்தது நல்லதுதான்.

சிங்கப்பூரில் வசிக்கும் கிருஷ்ணகிரிப் பெண்:
அக்கா, நான் இங்கே 11 வருடமாக இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு சீலியாக் பிள்ளை உண்டு. தைரியமாக வாருங்கள்.

முதலில் சோயா சாஸ். சோயாவோடு கோதுமையும் சேர்த்துதான் அதைச் செய்கிறார்கள். சீன, மலாய்ச் சாப்பாட்டில் அது எங்கேயும் இருக்கும். சிக்கன் ரைஸ் பார்க்க வெறும் சோறும் கோழியுமாகத் தெரியும், ஆனால் கோழி மேல் ஊற்றுவது சோயா சாஸ். க்வே தியாவ் அரிசி நூடுல்ஸ்தான், அதை வறுப்பதும் அதே சாஸில், மஞ்சள் நூடுல்ஸ் வறுத்த அதே சட்டியில். மீன் உருண்டை, நண்டுக் குச்சி என்று விற்பவற்றிலும் கோதுமை மாவுச்சத்து சேர்ப்பதுண்டு. இந்தக் கடைகளில் உங்கள் மகளுக்கு எதுவும் வாங்காதீர்கள். நறுக்கிய பழம், இளநீர், அவித்த முட்டை, வெறும் சோறு, தயிர் இருந்தால் பகல் பொழுதைச் சமாளிக்கலாம்.

அடுத்தது "மால்ட்". நம்ம பக்கம் ராகி மால்ட் என்றால் முளைகட்டிய ராகிக் கஞ்சி. பிள்ளைக்கும் அந்த வார்த்தை பழக்கமாக இருக்கும். இங்கே மால்ட் என்றால் பார்லி. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் பிள்ளைகளுக்கு மைலோ என்ற சாக்லேட் பானம் கொண்டுவந்து வைப்பார்கள், அதிலும் பார்லி மால்ட் உண்டு. இதை அவளிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

பாக்கெட் உணவில் குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் லேபிளில் போட்டே ஆக வேண்டும், அது சட்டம். மலேசியாவில் மலாய் மொழியில் இருக்கும். "கந்தும்" என்றால் கோதுமை, "தெப்புங் கந்தும்" கோதுமை மாவு, "பார்லி" பார்லியேதான், "கிச்சாப்" சோயா சாஸ். "குளூட்டன் இல்லை" என்று அச்சிட்ட பாக்கெட் கிடைத்தால் நல்லது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதற்கான அளவு, இந்தியாவிலும் அதே கணக்குதான். ஒரு பிரெட் துண்டில் 2 கிராம் அளவுக்கு இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு சின்ன அளவு என்று புரியும்.

மலேசியாவில் ரோட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி) போடும் கல்லிலேயே தோசையும் ஊற்றுவார்கள். அங்கே இட்லி கேளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம், கசகசா கொண்டு வராதீர்கள். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாப் பொடி அரைத்து எடுத்து வருவதாக இருந்தால் கசகசா சேர்க்காமல் அரையுங்கள்.

பாலக்கோடு ஆசிரியை:
விமானத்துக்கு: டிக்கெட் எடுத்ததும் "ஜிஎஃப்எம்எல்" என்ற சாப்பாட்டைப் பதிவு செய்யுங்கள், குளூட்டன் இல்லாத உணவுக்கு அதுதான் குறியீடு. குறைந்தது 24 மணி நேரம் முன்பு, சில நிறுவனங்களில் அதற்கும் முன்பு சொல்ல வேண்டும். மலிவு விலை விமானங்களில் பெரும்பாலும் கிடையாது. எப்படியும் நான்கரை மணி நேரப் பயணம்தான், கையில் இட்லி கட்டிக்கொள்ளுங்கள். தொக்கும் தயிரும் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ராகி மாவு 3 கிலோ எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். வழக்கமாக மில்லில்தான் அரைப்போம், அது பரவாயில்லையா?

ஓசூர் அப்பா:
வேண்டாம். நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள், நம் ராகி கொட்டும்போது முதலில் விழுவது அவர்கள் மாவு. மில்காரர் இரண்டு பிடி தள்ளிவிட்டாலும் உள்ளே ஒட்டியிருப்பது போகாது. ராகியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையும் புதிதாக இருக்கட்டும், கோதுமை சலித்த சல்லடை வேண்டாம்.

சிங்கப்பூரில் வசிக்கும் கிருஷ்ணகிரிப் பெண்:
தம்பி மனைவியிடம் இப்போதே போனில் பேசிவிடுங்கள், வந்து இறங்கிய பிறகு சொன்னால்தான் மனம் நோகும். "நீ சமைப்பதில் குறை இல்லை, சப்பாத்தி மாவு தூசியாகப் பறந்து பக்கத்துச் சட்டியில் படியும்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். முதலில் பிள்ளைக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டு அப்புறம் சப்பாத்தி போடட்டும். தோசைக்கல், மரக்கரண்டி, வடிகட்டி தனியாக வேண்டும். சின்ன ரைஸ் குக்கர் கொண்டு வந்தால் ஓட்டல் அறையிலும் உதவும். பிளக் இங்கே சதுர மூன்று முனை, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தர்மபுரி அம்மா:
போய் வந்துவிட்டோம்! எட்டு நாளில் ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை.

நான் போனில் சொன்னதும் தம்பி மனைவி, "ஆறு நாள் சப்பாத்தியே வேண்டாம் அண்ணி, எல்லாரும் களி தின்போம்" என்றுவிட்டாள். முதல் ராத்திரி களி கிண்டத் துடுப்பு இல்லை. தம்பி போய்ப் புது மரக்கரண்டி வாங்கி வந்தான், அது சின்னது, கை சுட்டது. கட்டி தட்டிய களிதான். ஆனால் ஒரே சட்டியிலிருந்து ஆறு பேருக்கும் உருண்டை பிடித்து, கீரைக் கடைசல் ஊற்றிப் போட்டோம். மகள் எல்லார் தட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம்தான் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பத்துமலைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இட்லி கேட்டோம். பெருங்காய டப்பாவைக் காட்ட முடியுமா என்று கேட்டதும் சமையல்காரர் முகம் சுளிக்காமல் எடுத்து வந்து காட்டினார். கோதுமை மாவு என்று போட்டிருந்தது. சாம்பாரை விட்டுவிட்டு, இட்லிக்கு நாங்கள் கொண்டுபோன பொடியைத் தொட்டுக் கொடுத்தோம்.

காவேரிப்பட்டணம் பாட்டி:
அந்தப் பொடிக்குப் பெருங்காயத்துக்குப் பதில் என்ன போட்டாய் கண்ணு? என் பேரனுக்கும் இப்போதுதான் இந்த நோய் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தர்மபுரி அம்மா:
பூண்டு போட்டேன் பாட்டி. தோலோடு பத்துப் பல், நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, ஆறிய பிறகு உளுந்து, கடலைப் பருப்பு, மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்தேன். பருப்பைச் சில்லறையாக வாங்காதீர்கள், மூட்டைக்குப் பக்கத்து மூட்டையில் கோதுமை இருக்கும். பாக்கெட்டாக வாங்கி, ஒருமுறை பொறுக்கிப் பார்த்துவிட்டு வறுங்கள்.