அக்காவுக்கு தைரொயிட் கூடுதல் திரும்ப வந்திருச்சு: மாத்திரையா, அயடீனா, ஒபரேஷனா?

டிக்கோயா தம்பி:
அக்காவுக்கு வயசு 31, எடை 48 கிலோ, தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலை. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மேல சுரக்கிற கிரேவ்ஸ் நோய்னு 18 மாசம், சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரை குடிச்சாங்க. ரிப்போட் சரியானதும் டொக்டர் நிப்பாட்டினாரு. இப்ப 7 மாசத்துல திரும்பவும் படபடப்பு, கை நடுக்கம், மலை ஏறினா தொடை சோர்ந்து போகுது. கண்ல மண் விழுந்த மாதிரி உறுத்தல் வேற.

போன கிழமை ரிப்போட்: டிஎஸ்எச் (சுரப்பியைத் தூண்டுற ஹோர்மோன்) 0.01க்குக் கீழ, ஃப்ரீ டி4 (சுரப்பி விடுற ஹோர்மோன்) 38, ட்ராப் (சுரப்பியைத் தூண்டுற எதிர்ப்புப் புரதம்) 9. கார்பிமசோல் 20 மில்லிகிராமும், படபடப்பைக் குறைக்கிற ப்ரொப்ரனலோலும் தொடங்கியிருக்காங்க. அடுத்த கிளினிக்குக்கு வர்றப்ப மாத்திரையே தொடர்றதா, ரேடியோ அயடீனா (கதிரால சுரப்பியை அழிக்கிற குளிசை), சுரப்பியை எடுக்கிற ஒபரேஷனான்னு யோசிச்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க. 3 வயசுல ஒரு பிள்ளை இருக்கு, இன்னொன்னு வேணும்னு ஆசை. தோட்டத்து லயத்துல ஒரு காம்பராவும் (அறை) இஸ்தோப்பும் (முன் திண்ணை)தான் வீடு. எதை வச்சு முடிவெடுக்கிறது?

மருந்துத்தட்டு:
தம்பி, இந்த மாசமே முடிவெடுக்க வேண்டியதில்ல. ஒபரேஷன் பண்றதா இருந்தாலும் முதல்ல டி4 இறங்கியிருக்கணும், அயடீனுக்கும் இறங்கியிருக்கிறது நல்லது. கூடின நிலையிலயே கத்தி வச்சா தைரொயிட் புயல்னு ஒரு ஆபத்து இருக்கு, உயிருக்கே வரும். இந்த 6, 8 கிழமையில மாத்திரையை ஒரு நாளும் விடாம குடிக்க வைங்க. அதுதான் இப்ப உள்ள வேலை.

இதுல கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியது காய்ச்சல் விசயம். கார்பிமசோல் சில பேருக்கு வெள்ளை இரத்த அணுவை அடியோட இறக்கிரும். ஆயிரத்துல ஒரு சிலருக்குத்தான் நடக்கும், அதுவும் பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல. போன தடவை 18 மாசம் ஒன்னும் ஆகலையேன்னு நம்பியிராதீங்க. நிப்பாட்டிட்டுத் திரும்பத் தொடங்கும்போதும் வரலாம். நம்ம பக்கம் பனியும் மழையும். தொண்டை நோவுன்னா கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சு, ரெண்டு பனடோலைப் போட்டுட்டுப் படுத்துருவாங்க. இந்த மாத்திரை குடிக்கிறவங்க அப்படிப் படுக்கக் கூடாது. காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண், இதுல ஒன்னு வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாம, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முழு இரத்தப் பரிசோதனை எடுக்கணும். கார்பிமசோல் குடிக்கிறேன்னு வாய்விட்டுச் சொல்லணும். சொல்லலைன்னா சாதாரண தடிமன்னு திருப்பி அனுப்பிரலாம். நியூட்ரோபில்ங்கிற வெள்ளை அணு சரியா இருந்தா டொக்டர் கேட்டு மாத்திரையைத் தொடரலாம். 0.5க்குக் கீழ இறங்கியிருந்தா இந்த மருந்து அவங்களுக்கு இனி எப்பவுமே வேணாம். அதோட சொந்தக்கார மருந்தான பிடியூவும் வேணாம். கண் மஞ்சளிச்சாலும், சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரிப் போனாலும் இதே மாதிரி உடனே போங்க.

ப்ரொப்ரனலோல் ஆஸ்துமா உள்ளவங்களுக்கு ஆகாது. வீசிங் இருந்தா மறைக்காம சொல்லணும். கடையில கார்பிமசோல் முடிஞ்சிருச்சுன்னு மெதிமசோல் தந்தா அதே எண்ணிக்கையைப் போடாதீங்க. 10 மில்லிகிராம் கார்பிமசோலுக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் மெதிமசோல்தான் சமன். இந்தியாவில இருந்து வர்ற நியோமெர்கசோல் கார்பிமசோலேதான், அதுல குழப்பமில்ல.

ஆய்வுகூட மேசை:
ரிப்போட்டைப் பத்திச் சொல்றேன். ட்ராப் 9ங்கிறது பல ஆய்வுகூடங்கள்ல வச்சிருக்கிற 1.75 எல்லைக்கு அஞ்சு மடங்கு. அப்போ வந்திருக்கிறது கிரேவ்ஸ்தான். கட்டியால வர்றதோ, சுரப்பி வீங்கித் தானா அடங்குறதோ இல்ல. மாத்திரை நிப்பாட்டுறதுக்கு முன்னால ட்ராப் பார்த்தாங்களான்னு பழைய கிளினிக் கொப்பியில தேடுங்க. அது கூடுதலா இருக்கும்போதே நிப்பாட்டினா திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்.

அடுத்த சோதனை 4 தொடக்கம் 6 கிழமையில. அதுல டிஎஸ்எச்சை மட்டும் பார்த்துப் பயப்படாதீங்க. டி4 இறங்கினாலும் டிஎஸ்எச் மாசக்கணக்கா அமுங்கியேதான் கிடக்கும். அதைப் பார்த்து டோஸைக் கூட்டினா ஆள் மறுபக்கம் சரிஞ்சு, உடம்பு ஊதி, குளிர் தாங்க முடியாமப் போயிரும். முதல் மாசங்கள்ல ஃப்ரீ டி4, டி3 ரெண்டையும் வச்சுத்தான் டோஸ்.

அலகையும் பாருங்க. 38ங்கிறது பிகோமோல் கணக்கு. வேற ஆய்வுகூடத்துல நனோகிராம்ல தந்தா அதே அளவு 2.95ன்னு வரும். 38ல இருந்து 3க்கு இறங்கிருச்சுன்னு சந்தோஷப்பட்டு மாத்திரையைக் குறைச்சிறக் கூடாது. ஒரே இடத்துலயே எடுக்கிறது நல்லது. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை குடிச்சா குறைஞ்சது ரெண்டு நாளைக்கு முன்னால நிப்பாட்டணும். அது டிஎஸ்எச்சைக் குறைச்சும் டி4ஐக் கூட்டியும் காட்டும்.

கிளினிக் அக்கா:
தம்பி, மூணு வழியும் உங்க அக்காவுக்கு ஒரே எடை இல்ல. பிள்ளை வேணுங்கிற ஆசையும், கண் உறுத்தலும், ட்ராப் 9உம் கணக்கையே மாத்துது.

மாத்திரையைக் குறைஞ்ச டோஸ்ல நீண்ட காலம் தொடர்றது ஏத்துக்கொண்ட வழிதான். அமெரிக்க தைரொயிட் சங்கத்தோட 2016 வழிகாட்டியும் ஐரோப்பிய சங்கத்தோட 2018 வழிகாட்டியும் அதைச் சொல்லுது. பிள்ளை ஆசை இல்லாதவங்களுக்கு 5 மில்லிகிராம்ல வருசக்கணக்கா நல்லா ஓடும். ஆனா கரு தங்கின முதல் பத்துக் கிழமைக்குள்ள கார்பிமசோல் பிள்ளையோட உச்சந்தலைத் தோல், மூக்குத் துளை மாதிரியான உறுப்புகளைப் பாதிக்கலாம். அந்த நேரம் பிடியூக்கு மாத்துவாங்க, அதுக்கும் ஈரல் பயம் உண்டு. அதனால இப்போதைக்குக் குடும்பத் திட்டம் கட்டாயம். மருத்துவமாதுகிட்ட இன்னைக்கே பேசச் சொல்லுங்க. நாள் தள்ளிப்போனா மறுநாளே சோதிச்சிட்டு கிளினிக்குக்கு வரணும்.

ரேடியோ அயடீன் ஒரு கூட்டுக்குளிசை. விழுங்கினா சுரப்பிக்குள்ள போய் மெல்ல அதை அழிக்கும். பலன் தெரிய 6 கிழமையில இருந்து 6 மாசம் எடுக்கும். பெரும்பாலானவங்களுக்குச் சுரப்பி ஓய்ஞ்சு, ஆயுசுக்கும் தைரொக்சின் (சுரப்பிக்குப் பதிலான ஹோர்மோன் மாத்திரை) வேண்டிவரும். அது பக்கவிளைவு இல்ல, எதிர்பார்க்கிறதே அதுதான். சிக்கல் ரெண்டு. கண் நோய் அதுக்கப்புறம் கூடலாம், அதனால ஸ்டெரொயிட் சேர்த்துத் தருவாங்க. குளிசைக்கு அப்புறம் ட்ராப் ஏறி ஒரு வருசத்துக்கு மேலயும் நிக்கும். ட்ராப் எல்லையைவிட மூணு மடங்குக்கு மேல இருந்தா அது தொப்புள்கொடி வழியாப் போய் வயித்துப் பிள்ளையோட சுரப்பியையும் தூண்டலாம். குளிசைக்கு அப்புறம் குறைஞ்சது 6 மாசம் கரு தங்கக் கூடாதுங்கிறது தனி விசயம்.

சுரப்பியை முழுசா எடுத்துட்டா அடுத்த நாளே சுரப்பு நின்னுரும், ட்ராப்பும் படிப்படியா இறங்கும். பிள்ளை ஆசையும் கண் உறுத்தலும் ட்ராப்பும் சேர்ந்து இருக்கிற ஆளுக்கு ஒபரேஷனைப் பத்தித்தான் முதல்ல கேட்கணும்னு நான் நினைக்கிறேன். முடிவு டொக்டரும் அக்காவும் சேர்ந்து எடுக்கிறதுதான். ஆனா அது பெரிய வேலையாச்சேன்னு கேட்காமலே விட்றாதீங்க.

டிக்கோயா தம்பி:
நன்றி அக்கா. வீட்டுல குளிசைதான் லேசுன்னு சொல்றாங்க, ஒரே நாள்ல முடியுமாம். அதோட அயடீன் உப்பு சேர்க்கிறதாலதான் இந்த வருத்தம்னு ஒருத்தர் சொல்லி, உப்பையே மாத்தச் சொல்றாரு.

கிளினிக் அக்கா:
உப்பை மாத்தாதீங்க. இலங்கையில 1995ல அயடீன் உப்பு சட்டமானதே கழுத்துக் கழலையைத் தடுக்கத்தான். இது எதிர்ப்புப் புரதத்தால வர்ற நோய். கறிக்குப் போடுற உப்பால வந்ததில்ல, அதை நிப்பாட்டினா போகவும் போகாது. கடற்பாசி மாத்திரை, அயடீன் டொனிக் மட்டும் வேணாம்.

குளிசை விழுங்க ஒரு நிமிஷம். அதுக்கு அப்புறம்தான் பாடு. அந்த அயடீன் 8 நாளைக்கு ஒருக்கா பாதியாக் குறையும். அது அடங்குறவரைக்கும் உடம்பில இருந்து கதிர் வரும், எச்சில், வியர்வை, சிறுநீர்லயும் வெளியேறும். டோஸைப் பார்த்து நாள் கணக்கை எழுதித் தருவாங்க. 3 வயசுப் பிள்ளைன்னா ரெண்டு மூணு கிழமை தூக்கவும் கூடாது, பக்கத்துல படுக்க வைக்கவும் கூடாது. லயத்துக் காம்பரா 10க்கு 12 அடின்னு வைங்க. அக்கா ஒரு சுவரோரமும் பிள்ளை எதிர்ச்சுவரோரமும் படுத்தாத்தான் ரெண்டு மீட்டர் வரும். நடுச்சாமத்துல பிள்ளை உருண்டு அம்மாகிட்டதான் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுல கர்ப்பிணி இருந்தா, அவங்க தலைமாடு எங்கேன்னும் பார்க்கணும். பொதுக் கக்கூஸ்னா குந்தினதும் ரெண்டு வாளி தண்ணி. தட்டு, துவாய், போர்வை எல்லாம் தனி. பிள்ளையைப் பாட்டி வீட்டுல விட முடியும்னா இதெல்லாம் சமாளிக்கலாம். முடியாதுன்னா அதை கிளினிக்ல வாய்விட்டுச் சொல்லுங்க, அதுவும் முடிவுக்கு ஒரு காரணம்தான்.

மருந்துத்தட்டு:
ஒபரேஷன்னு போனா மூணு கேள்வி கேளுங்க: அந்த சத்திரசிகிச்சை நிபுணர் வருசத்துக்கு எத்தனை தைரொயிட் பண்றாரு, ஒபரேஷனுக்கு முதல் கல்சியமும் விட்டமின் டியும் பார்ப்பாங்களா, லூகோல் துளி (அயடீன் கரைசல்) எப்ப தொடங்குறது. லூகோல் கடைசிப் பத்து நாளைக்குத்தான். நாள் உறுதியாகாம அதைத் தொடங்கக் கூடாது. திகதி தள்ளிப்போனா சுரப்பி அந்த அயடீனையே எடுத்து மறுபடி கூடும்.

குரல் நரம்பு நிரந்தரமா பழுதாகிறது, கைதேர்ந்தவங்க கையில நூத்துல ஒன்னு அளவு. தற்காலிகமா கல்சியம் இறங்குறது அதைவிட நிறையப் பேருக்கு வரும். உதட்டைச் சுத்தியும் விரல் நுனியிலயும் ஊசி குத்துற மாதிரி இருந்தா காலைவரைக்கும் காத்திருக்காம தாதிகிட்ட சொல்லணும். முதல் நாள் கழுத்து இறுகி மூச்சு முட்டினா உடனே ஆளைக் கூப்பிடணும், உள்ளுக்குள்ள இரத்தம் தேங்கியிருக்கலாம்.

அப்புறம் தைரொக்சின். கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், 48 கிலோவுக்கு 75 அளவுல தொடங்கி 6, 8 கிழமையில டிஎஸ்எச் பார்ப்பாங்க. நம்ம ஊர்ல இது தப்புறது தேத்தண்ணியிலதான். விடிய 5 மணிக்கு எழும்பினதும் பால் தேத்தண்ணி, அதோட மாத்திரை, பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூடுற இடம்) ஓட்டம். அப்படிக் குடிச்சா மருந்து உடம்புல சரியாச் சேராது. எழும்பினதும் வெறும் தண்ணியில மாத்திரை, அரை மணி கழிச்சுத் தேத்தண்ணி, முடிஞ்சா ஒரு மணி. அதுக்கு நேரமில்லைன்னா ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு மூணு மணிநேரம் கழிச்சுப் படுக்கப் போறப்ப குடிக்கலாம். கல்சியமும், வயித்துல பிள்ளை வந்தப்புறம் தர்ற இரும்புச் சத்து மாத்திரையும் நாலு மணிநேரம் தள்ளி.