அஹரோன் அப்பல்ஃபெல்ட் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும்: வயது, ஊர், முகாம் எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறதே?

ஜெலுத்தோங் வாசகர்:

வணக்கம். ஜார்ஜ்டவுனில் எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், யூத இன அழிப்பில் தப்பிப் பிழைத்த ஹீப்ரு எழுத்தாளர் அப்பல்ஃபெல்ட் வாழ்க்கையைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். குறிப்பெடுக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. போர் அவரைத் தாக்கியபோது வயது ஏழு என்கிறது ஒரு கட்டுரை, எட்டு என்கிறது இன்னொன்று, ஒன்பது என்கிறது வேறொன்று. பிறந்தது ருமேனியாவா, உக்ரைனா? எந்த முகாமில் இருந்தார்? நாவல்களில் வருவதை அவர் வாழ்க்கையாகவே சொல்லிவிடலாமா? முதலில் எதைப் படிப்பது? வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தேதி தப்பினால் விடமாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அலமாரி:

முதலில் வயதுக் கணக்கு. பிறந்தது 1932 பிப்ரவரி 16. உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் அவருக்கு ஏழு வயது. ஆனால் போர் அவர் வீட்டுக்குள் நுழைந்தது 1941 கோடையில். அப்போது ஒன்பது முடிந்திருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் "ஏழு வயதில் தாயை இழந்தார்" என்ற வரி வருகிறது. எட்டு என்பது 1940-இல் சோவியத் படை வந்தபோது இருந்த வயது, தாயை இழந்தபோது இருந்தது அல்ல. நீங்கள் ஒன்பது என்றே சொல்லுங்கள்.

ஊர் விஷயத்தில் ருமேனியா, உக்ரைன் இரண்டுமே சரி, வருடத்தைச் சேர்த்துச் சொன்னால். பிறந்தது செர்னோவிட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில், புக்கோவினா வட்டாரத்தில். 1918 வரை அது ஆஸ்திரியப் பேரரசு, பிறகு ருமேனியா. 1940 ஜூனில் சோவியத் படை பிடித்தது. 1941 ஜூலையில் ருமேனியப் படை ஜெர்மானியரோடு சேர்ந்து மீட்டது. 1944-இல் மறுபடி சோவியத். இன்று உக்ரைன். திரையில் இன்றைய வரைபடத்தை மட்டும் போட்டால் கேட்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. 1930-களின் ருமேனிய எல்லை உள்ள வரைபடத்தை எடுத்து, அதில் நீஸ்தர், பூக் ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் நடுவே உள்ள நிலத்துக்கு வண்ணம் தீட்டுங்கள். அதுதான் டிரான்ஸ்னிஸ்திரியா. அவரையும் அப்பாவையும் கொண்டுபோனது அங்கேதான்.

இங்கே ஒரு பெரிய தவறு நடக்கும், கவனம். "யூத எழுத்தாளர், முகாம்" என்றதும் பலர், போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமின் வாசல் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். அப்பல்ஃபெல்ட் அங்கே இருந்ததே இல்லை. டிரான்ஸ்னிஸ்திரியாவை நடத்தியது ருமேனிய நிர்வாகம். அங்கே விஷவாயு அறைகள் கிடையாது. நெடுந்தூரம் நடக்கவைத்தே கொண்டுபோனது, குளிர், பட்டினி, டைஃபஸ் காய்ச்சல், துப்பாக்கிச் சூடு, இவற்றால்தான் மக்கள் மடிந்தார்கள். அந்தப் படத்தைப் போட்டால், செய்தவர்கள் யார் என்பதே கேட்பவர் மனதில் மாறிவிடும். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

மற்றபடி வரிசை இதுதான்: அம்மாவும் பாட்டியும் 1941-இல் கொல்லப்பட்டார்கள். அப்பாவோடு நாடு கடத்தல், முகாமில் பிரிவு, தப்பித்தல். காட்டிலும் கிராமங்களிலும் ஏறக்குறைய மூன்று வருடம். 1944-இல் சோவியத் படையின் சமையற்கூடத்தில் எடுபிடி வேலை. போர் முடிந்து இத்தாலி அகதி முகாம். 1946-இல் பாலஸ்தீனம். அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது, அந்த வருடத்துக்கு "இஸ்ரேல் போனார்" என்று சொல்லாதீர்கள், நம் ஊர்க் கூட்டத்தில் யாராவது கட்டாயம் எழுந்து கேட்பார்கள். இறந்தது 2018 ஜனவரி 4.

அப்பாவும் இறந்துவிட்டதாகச் சில கட்டுரைகளில் இருக்கும். இல்லை. பல வருடம் கழித்து, யூதர்களின் குடியேற்றத்தைக் கவனிக்கும் யூத முகமையின் பட்டியல் ஒன்றில் அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்து இஸ்ரேலில் சந்தித்தார். அந்தச் சந்திப்பை மட்டும் அவரால் எழுதவே முடியவில்லை.

பாயான் லெப்பாஸ்:

மேலே சொன்னதெல்லாம் சரி. நாவல்களைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு வருகிறேன்.

நாவலில் இருப்பதை வாழ்க்கையாகச் சொல்லவே சொல்லாதீர்கள். "ட்ஸிலி" என்ற சிறிய நாவலில் ஒரு சிறுமி தன்னந்தனியாகக் காட்டிலும் குடியானவர் வீடுகளிலும் போரைக் கடக்கிறாள். சம்பவங்களுக்கு அடியில் இருப்பது அவர் அனுபவம்தான். ஆனால் ஏன் சிறுமி? 1988-இல் அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத்துடன் நடந்த உரையாடலில் அவரே காரணம் சொல்கிறார்: நடந்ததை நடந்தபடியே எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். தன்னைவிடச் சற்று மூத்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கதை நினைவின் பிடியிலிருந்து கழன்று, எழுதுகிறவன் கைக்கு வந்தது. உங்கள் பேச்சின் நடுப்பகுதிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்து நிமிடமாவது இதற்கு ஒதுக்குங்கள்.

வாழ்க்கைத் தகவலுக்கு 1999-இல் ஹீப்ருவில் வந்த அவருடைய நினைவுக்குறிப்பை மட்டும் நம்புங்கள். ஆங்கிலத்தில் "தி ஸ்டோரி ஆஃப் எ லைஃப்". அதிலும் தேதி தேடினால் ஏமாந்துபோவீர்கள். இடங்கள், தேதிகள், ஆட்களின் பெயர்கள் பலவும் மறந்துவிட்டன, ஆனால் மழையும் குளிரும் வந்தால் உடம்பு அந்த நாட்களுக்குத் திரும்பிவிடுகிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆகவே ஆண்டுகளை வரலாற்று நூல்களிலிருந்தும், அனுபவத்தை இதிலிருந்தும் எடுங்கள். அம்மா இறந்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை, அலறலை மட்டும் கேட்டார். மேடையில் இதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம்.

மொழியைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் ஜெர்மன், தாத்தா பாட்டியிடம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷ், வேலைக்காரப் பெண்ணிடம் உக்ரைனியம், அரசாங்க மொழி ருமேனியம். பினாங்கில் தமிழ், மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் என்று நாலையும் கேட்டு வளர்கிற பிள்ளை மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், 1946-இல் அவர் கையில் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. படிப்பு முதல் வகுப்போடு நின்றுபோயிருந்தது. அந்த வருடத்து நாட்குறிப்பில் ஜெர்மன், யிட்டிஷ், ஹீப்ரு, உக்ரைனியச் சொற்கள் கலந்து கிடக்கின்றன, வாக்கியமாகச் சேரவில்லை. அப்படிப்பட்டவர் 1962-இல் ஹீப்ருவிலேயே முதல் சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார், 1983-இல் இஸ்ரேல் பரிசு பெற்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். விருதுப் பட்டியலை அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

படிக்க வேண்டிய வரிசை: முதலில் நினைவுக்குறிப்பு, அடுத்து "ட்ஸிலி", நேரம் இருந்தால் "பாடன்ஹைம் 1939". அந்தக் கடைசி நாவல் ஒரு ஆஸ்திரிய உல்லாச ஊரில் நடக்கிறது. சுகாதாரத் துறை வந்து யூதர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது, மக்கள் இசை விழாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். முகாம் காட்சியே கிடையாது. புதிதாக வாங்க முடியாவிட்டால் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆஷ்விட்ஸ் படம் போடுவதாகத்தான் இருந்தேன், எடுத்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயிலை யாராவது இழுத்தால் என்ன சொல்வது? படிவம் மூன்று மாணவர்களும் வருகிறார்கள், அவர்களுக்கு எதைக் கொடுக்கலாம்?

பிரிக்பீல்ட்ஸ் அலமாரி:

கட்டாயம் இழுப்பார்கள், இழுக்கவும் வேண்டும். 1942-43-இல் 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைக் கொண்டுபோன கதை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. யார் துன்பம் பெரிது என்ற ஒப்பீட்டுக்குள் மட்டும் போகவிடாதீர்கள். அங்கே போனவர்கள் கூலி வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டவர்கள், அப்பல்ஃபெல்ட் விஷயத்திலோ ஒரு இனத்தையே அழிக்கும் திட்டம். காரணம் வேறு, நிர்வாகம் வேறு. கேட்பவருடைய குடும்பத்தில் நினைவு வைத்திருப்பவர் இருந்தால், அதை எழுதிவைக்கச் சொல்லுங்கள். அப்பல்ஃபெல்ட் செய்தது போலத் தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குளிரோ பசியோ உடம்பில் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

பாயான் லெப்பாஸ்:

மாணவர்களுக்கு அவர் சிறுவர்களுக்காகவே எழுதிய "ஆதாம் அண்ட் தாமஸ்". ஒன்பது வயதுப் பையன்கள் இருவர் காட்டில் ஒளிந்து பிழைக்கும் கதை, ஃபிலிப் துமாவின் ஓவியங்களோடு. "புளூம்ஸ் ஆஃப் டார்க்னஸ்" மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பதினோரு வயதுப் பையன்தான் நாயகன், ஆனால் அவனை ஒளித்து வைப்பது விபச்சார விடுதியில். 2012-இல் பிரிட்டனில் பரிசு வாங்கிய நாவல் என்று அட்டையைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். அது ஆசிரியர்களுக்கு.