ஏழில் மாட்டிக்கொண்டோம், யாராவது கைகொடுங்கள்

வணக்கம் நண்பர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு வேடிக்கை காட்டப்போய் நானே சிக்கிக்கொண்டேன்.

எண் இது: 3608528850368400786036725. முதல் இரண்டு இலக்கம் 36, இரண்டால் வகுபடும். 360 மூன்றால், 3608 நான்கால், இப்படியே 25 வரைக்கும். அதற்கு மேல் நீளாது. கடைசியில் ஒரு பூஜ்யம் போட்டு 26-ஆல் வகுத்தால் மீதி 12 வரும். இன்னும் 14 வேண்டும், ஓர் இலக்கம் 9-ஐத் தாண்டாதே! சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலக் காகிதத்தில் போட்ட கணக்கு இது. பாதியில் காற்று அடித்துக்கொண்டு போய்விட, வீட்டில் மறுபடி போட்டோம்.

சிக்கல் இதன் தம்பியால். 381654729-க்கும் இதே குணம்தான், கூடவே 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே முறை. இப்படி வேறு எண்ணே கிடையாது. ஏன் என்கிறாள் மகள். ஐந்தாம் இடத்தில் 5, இரட்டைப்படை இடங்களில் இரட்டைப்படை எண்கள், நான்காம் எட்டாம் இடங்களில் 2, 6 மட்டும், நடு மூன்று 258 அல்லது 654. இப்படிக் கழித்துக் கழித்துப் பத்து எண்களுக்கு வந்துவிட்டோம். அப்புறம் ஒவ்வொன்றிலும் முதல் ஏழு இலக்கத்தை ஏழால் வகுத்துப் பார்த்தோம். 1472589-க்கு மீதி 6, அது அவுட். கடைசியில் 3816547 மட்டும் தேறியது.

இந்தப் பத்து வகுத்தலையும் தவிர்க்க ஏதாவது குறுக்குவழி உண்டா? 1001 தந்திரம் (1001 ஏழால் வகுபடுவதால், எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது) தெரியும், அதுவும் பத்து முறை போட வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி சொன்னால் புண்ணியமாகப் போகும். இந்த வகை எண்களுக்குத் தமிழில் நல்ல பெயர் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.