மழை சீசன்ல துவைச்ச துணியில மக்கின வாடை, யாருக்காவது தீர்வு தெரியுமா?

மடிப்பாக்கம்_மாலா:
வணக்கம் எல்லாருக்கும். எங்களுது அபார்ட்மெண்ட், மொட்டை மாடில கொடி கட்ட அசோசியேஷன்ல விட மாட்டேங்குறாங்க, அதனால பால்கனியிலயும் ஹால்லயும் ஸ்டாண்டு போட்டுதான் துணி காயுது. சித்திரை வைகாசில ஒரு பிரச்சனையும் இல்ல, ஐப்பசி பொறந்தா போதும், மெஷின்ல இருந்து எடுக்கும்போது கும்முன்னு வாசனையா இருக்குற துணி காய்ஞ்சதுக்கப்புறம் மோந்து பாத்தா ஒரே மக்கின வாடை. இதுல பெரிய விசித்திரம் என்னன்னா சில சட்டையெல்லாம் மடிச்சு வைக்கிறப்போ ஒண்ணுமே தெரியாது, வீட்டுக்காரர் போட்டுட்டு ஆபீஸ் கிளம்பி பஸ்ல கொஞ்சம் வேர்த்ததும் அந்த வாடை திரும்பி வந்துடுதாம். துண்டு கதையை சொல்லவே வேணாம்.

ஃப்ரண்ட் லோடு மெஷின், லிக்விட் ரெண்டு மூடி ஊத்துறேன், அதோட கண்டிஷனரும் உண்டு. ராத்திரி போட்டுட்டு தூங்கிடுவேன், காலைல பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுதான் உணர்த்துவேன். இன்னும் வாசனையான கண்டிஷனர் ஏதாவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

கோவை_சர்வீஸ்காரன்:
மேடம், நான் வாஷிங் மெஷின் சர்வீஸ் பண்றவனுங்க. வாசனையை மாத்தி ஒண்ணும் ஆகப் போறதில்லைங்க. முதல்ல உங்க மெஷின் கதவைத் திறந்து, வாய்ல வட்டமா ஒரு ரப்பர் இருக்கும் பாருங்க, அதோட மடிப்பை விரலால விரிச்சுப் பாருங்க. கருப்பா புள்ளி புள்ளியா, தொட்டா வழவழன்னு, நடுவுல ஒரு ஹேர்பின்னோ சில்லறைக் காசோ கூட கிடைக்கும். நான் போற வீட்ல பாதிக்கு மேல இதுதாங்க நிலைமை. அந்த வழவழப்பு எப்படி வருதுன்னா நீங்க ஊத்துற லிக்விட்ல கரையாம மிச்சமாகறதும், கண்டிஷனரோட பிசுக்கும், துணி அழுக்கும் சேந்து படியறதுதான். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு.

ஃப்ரண்ட் லோடு தண்ணி கம்மியா எடுக்குற மெஷினுங்க. ரெண்டு மூடி ஊத்தினா நுரை பொங்குமே தவிர முழுசா அலசி வெளிய போகாது. பாதி அளவுக்குக் குறைங்க, அப்புறம் எக்ஸ்ட்ரா ரின்ஸ் பட்டன் இருந்தா அதை அமுக்குங்க. போர் தண்ணியா இருந்தா உப்பும் சேந்து படியும், அதுக்கு டீஸ்கேல் பவுடர் கடைல கிடைக்குது. மாசத்துக்கு ஒருவாட்டி டிரம் க்ளீன் போடுங்க, துணி எதுவும் போடாம, சுடுதண்ணில. கீழ சின்னக் கதவுக்குள்ள ஃபில்டர் இருக்கும், அதையும் கழட்டிக் கழுவுங்க, கழட்றப்போ தண்ணி கொட்டும், அடியில ஒரு தட்டு வச்சுக்குங்க. துவைச்சு முடிச்சதும் ரப்பரைத் துணியால துடைச்சுட்டு கதவையும் லிக்விட் ஊத்துற டிராயரையும் லேசா திறந்தே விடுங்க. குட்டிப் பசங்க வீட்ல இருந்தா மட்டும் கதவு விஷயத்துல கவனமா இருங்க, உள்ள தலையை விட்டு விளையாடுவாங்க.

நெல்லை_அத்தை:
ஏ மாலா, ராத்திரி பூரா ஈரத்துணிய டப்பாக்குள்ள அடைச்சு வச்சுட்டு காலைல வந்து நாறுதுன்னு சொன்னா எப்படிம்மா? நாங்கல்லாம் ஆத்துல துவைச்ச காலத்துல, பிழிஞ்ச துணிய வாளியில கூட ரொம்ப நேரம் போட மாட்டோம், அப்பவே உதறி கொடியில போட்ருவோம். நீ விடியக்காலைல முடியற மாதிரி டைமரை வச்சுக்கோ. எந்திரிச்ச உடனே உணர்த்திரு, பால் காய்ச்சறதெல்லாம் அப்புறம்.

துண்ட ரெட்டையா மடிச்சு கம்பியில தொங்க விடாத, நடுவுல காயவே காயாது. ஜீன்ஸை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பி, பையெல்லாம் வெளிய இழுத்து விட்டு போடு. துணிக்கும் துணிக்கும் நடுவுல கை போற அளவு எடம் இருக்கணும். ஸ்டாண்டு பத்தலன்னா பாதிய நாளைக்கு துவை, ஒரே நாள்ல மலை மாதிரி துவைச்சு என்ன செய்யப் போற?

பீரோவுல வெட்டிவேர் கட்டி ஒண்ணு போட்டு வை. எங்க வீட்ல எப்பவும் உண்டு. வாசம் குறைஞ்சா லேசா தண்ணி தெளிச்சு நிழல்ல உலர்த்தி திரும்ப வை, மறுபடி மணக்கும். நல்லா காஞ்ச பெறவு வை, ஈரத்தோட வச்சா அதுவே பூத்துப் போகும்.

லேப்_கோட்டு:
அத்தை சொன்னதுதான் விஷயமே. நான் மைக்ரோபயாலஜி படிக்கிறேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், போரடிச்சா ஸ்கிப் பண்ணிக்கோங்க. இந்த மக்கின வாடைக்குக் காரணம் ஈரம் மட்டும் இல்ல, ஈரத்துல வளர்ற பாக்டீரியா. ஜப்பான்ல காவோங்கிற சோப்பு கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் 2012-ல ஒரு பேப்பர் போட்டாங்க, துவைச்சும் நாறுற துணில மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அது துணில மிச்சம் இருக்குற வேர்வை எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் சாப்பிட்டு ஒரு வகை கொழுப்பு அமிலத்தை வெளிய விடுது, அந்த வாடைதான் நம்ம மூக்குக்கு எட்டுதுன்னு. இது காய்ஞ்சாலும் சீக்கிரம் சாகாது. அதான் அக்கா உங்க வீட்டுக்காரர் சட்டை மேட்டர். காய்ஞ்சு கிடக்கும்போது சும்மா இருக்கும், வேர்வை பட்டதும் திரும்ப வேலைய ஆரம்பிச்சுடும்.

அதனால வாசனை லிக்விட் மேல மேல ஊத்துறது யூஸ் இல்ல. இப்பவே நாறுற துண்டு, பனியன் மாதிரி காட்டன் துணியை மட்டும் தனியா எடுத்து 60 டிகிரில ஒரு வாட்டி ஓட விடுங்க, சாயம் போகாத துணியா பாத்து. இல்லன்னா ஆக்ஸிஜன் ப்ளீச் பவுடரை (குளோரின் இல்லாத ப்ளீச்) வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு ஊற வச்சுட்டு துவைங்க. பட்டுக்கும் கம்பளிக்கும் இது ரெண்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம் பாலியெஸ்டர் டீ-ஷர்ட்ல எண்ணெய்ப் பிசுக்கு நல்லா ஒட்டிக்கும், காட்டனை விட அது சீக்கிரம் நாறும், மழைக்காலத்துல கூடுமான வரைக்கும் காட்டனே போடச் சொல்லுங்க.

வினிகர்_வெறியன்:
யாரும் வினிகர் பத்தி சொல்லலையே!! கண்டிஷனர் ஊத்துற இடத்துல அரை கப் வெள்ளை வினிகர் ஊத்துங்க, அவ்ளோதான், துண்டும் மொறமொறன்னு இல்லாம இருக்கும் வாடையும் போயிடும். நான் கண்டிஷனரே வாங்குறதில்ல.

கோவை_சர்வீஸ்காரன்:
எப்பவாச்சும்னா பரவால்லைங்க, தினமும் ஊத்தினா ரப்பர் பார்ட்டெல்லாம் சீக்கிரம் கெட்டுரும், மாத்துறதுக்கு அப்புறம் என்னத்தான் கூப்பிடுவீங்க. முக்கியமா ஒண்ணு, ப்ளீச்சிங் பவுடரோ குளோரின் ப்ளீச்சோ போட்ட தண்ணில வினிகரைக் கலந்துராதீங்க, குளோரின் கேஸ் வரும், மூச்சு முட்டிரும். ஆனா கண்டிஷனரைக் குறைக்கச் சொன்னதை நான் ஒத்துக்கறேனுங்க. துண்டுல கண்டிஷனர் போட்டா மேல ஒரு மெழுகுப் படலம் மாதிரி நின்னு தண்ணியே உறிஞ்சாது, அந்தப் படலத்துலயே அழுக்கும் தங்கிரும்.

மடிப்பாக்கம்_மாலா:
ரப்பரை விரிச்சுப் பாத்தேன். சொல்ல வார்த்தை இல்ல. என் காணாமப் போன கம்மல் திருகாணியும் அங்கதான் இருந்துச்சு, அதுக்காகவே உங்களுக்கு ஒரு கும்பிடு அண்ணா. டைமரையும் அஞ்சரைக்கு மாத்தியாச்சு அத்தை, பால் அப்புறம்தான் 😀

இன்னும் ரெண்டு டவுட். ஒண்ணு, வெளிய மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறதா மூடறதா? ரெண்டாவது, மாமியார் பீரோ பூரா அந்துருண்டை போட்டு வச்சிருக்காங்க, எங்க நாத்தனாருக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு, குழந்தைத் துணியும் அதே பீரோலதான். சாம்பிராணியும் காட்டறாங்க. இதெல்லாம் ஓகேவா?

வார்டு_சிஸ்டர்:
நான் நர்ஸ். அந்துருண்டைய குழந்தைத் துணி இருக்குற இடத்துல இருந்து இன்னைக்கே எடுத்துடுங்க. அது நாப்தலின். சில குழந்தைங்களுக்கு ஜி6பிடின்னு ஒரு என்ஸைம் பிறவிலேயே குறைவா இருக்கும், வெளில பாத்தா தெரியாது, அவங்க இந்த வாடைய சுவாசிச்சாலோ அந்தத் துணி உடம்புல பட்டுக்கிட்டே இருந்தாலோ ரத்தச் சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை கடுமையா வரலாம். அதுல வச்ச துணியை துவைச்சு, வெயில்ல நல்லா காத்தாட போட்டு, வாடை சுத்தமா போனதுக்கப்புறம்தான் குழந்தைக்குப் போடணும். பெரியவங்க மனசு நோகாம சொல்லணும்னா, டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லிடுங்க. தவழ்ற வயசு வந்தா மிட்டாய்னு நினைச்சு வாய்ல போட்டுக்குற ஆபத்து வேற இருக்கு, அதனால பூச்சிக்கு வேப்பிலை, வெட்டிவேர் போதும்.

சாம்பிராணி, கைக்குழந்தை இருக்குற ரூம்ல புகை வேணாம். ஈரத்துணிக்கு புகை காட்டினா வாடையும் போகாது, மக்கின வாடையும் சாம்பிராணி வாடையும் சேந்து இன்னும் மோசமாத்தான் இருக்கும்.

லேப்_கோட்டு:
ஜன்னல் கேள்விக்கு நான் சொல்றேன் அக்கா. மழை விடாம கொட்டும்போது வெளிக்காத்துலயே ஈரம் நிறைய, திறந்து வச்சு பெரிய பிரயோஜனம் இல்ல. ஏசி இருக்குற ரூம்ல ஸ்டாண்டை வச்சு கதவு ஜன்னலை மூடிட்டு ட்ரை மோடு போட்டு, கூடவே ஃபேனை துணி மேல படற மாதிரி திருப்பி விடுங்க. வெளிய ஏசி டியூப்ல இருந்து சொட்டுற தண்ணில உங்க ஜீன்ஸ்ல இருந்து வந்ததும் இருக்கும். மழை விட்டுட்டா எதிர் எதிர் ஜன்னலைத் திறந்து ஃபேன் மட்டும் போடுங்க, கரண்டு பில்லும் தாங்கும். மெஷின்ல கடைசில இன்னொரு வாட்டி ஸ்பின் மட்டும் ஓட விட்டா காயற நேரம் நல்லாவே குறையும்.

நெல்லை_அத்தை:
இஸ்திரி போட்ட சூட்டோட மடிச்சு பீரோல வைக்காதம்மா, அதுலயும் ஈரம் இருக்கும், கொஞ்ச நேரம் நாற்காலில விரிச்சுப் போட்டு ஆறின பெறவு வை. பட்டுப் புடவையும் இந்த சீசன்ல ஒருநாள் எடுத்து நிழல்ல காத்தாட போட்டு மடிப்பு மாத்தி வை. அந்த அசோசியேஷன்காரங்க யாரு, மொட்ட மாடில துணி காயப்போட்டா அவங்களுக்கு என்ன கொறஞ்சு போகுதாம்?

மடிப்பாக்கம்_மாலா:
பில்டிங் லுக்கு போயிடுமாம் அத்தை. செக்ரட்டரி வீட்டு லுங்கி மட்டும் தினமும் மாடியிலதான் காயுது.